தரையில் நாலு பேர்

அந்த முதியோர் இல்லத்தில் யாரும் விழுவதில்லை. உட்காருவார்கள், சாய்வார்கள், சறுக்குவார்கள், கட்டிலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் தேடுவார்கள், தரை குளுமையாக இருக்கிறதா என்று பார்க்கச் சற்று நேரம் படுத்துக்கொள்வார்கள். ஆனால் விழுந்தீர்களா என்று கேட்டால் மட்டும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

எல்லாம் புள்ளி செய்கிற வேலை. யாராவது விழுந்தால் அவர் கோப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று மாதத்துக்குள் மூன்று புள்ளி சேர்ந்துவிட்டால் ஆளைப் பின்கட்டடத்தில் இருக்கும் தாழ்கட்டில் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கட்டில்கள் முழங்காலுக்கும் கீழே இருக்கும். கட்டிலைச் சுற்றி மெத்தை விரித்திருக்கும். படுக்கையிலிருந்து காலைக் கீழே வைத்தாலே எங்கேயோ மணி அடிக்கும். நாலு பேருக்கு ஓர் உதவியாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோசமான இடம் என்று சொல்ல முடியாது. சுத்தமான இடம், ஜன்னலுக்கு வெளியே மரம்கூட உண்டு. இருந்தாலும் அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்று முன்கட்டடத்தில் ஒரு பேச்சு. திரும்பி வந்த இரண்டு பேரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

புள்ளி வைப்பவள் பகல்நேர நர்ஸ். அவளுக்கு அங்கே எக்ஸ்பிரஸ் என்று பேர். கூப்பிட்டால் நேரத்துக்கு வந்துவிடுவாள் என்பதற்காக வைத்த பேர்; வரும்போது தடதடவென்று வருவாள் என்பதும் அதில் அடக்கம். நாற்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் லேசான வலி. ஆனால் அவசர மணியின் சிவப்புக் கயிற்றை யாராவது இழுத்துவிட்டால் அந்த வலியெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. தோளில் பையைப் போட்டுக்கொண்டு, எந்த மூலையாக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் விழுந்தவர் பக்கத்தில் மண்டியிட்டிருப்பாள். அந்த இரண்டு நிமிடம்தான் அவளுடைய பெருமை. வீட்டில் வாசல் மணி அடித்தாலும் இப்படித்தான் ஓடுகிறாள் என்று அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

விழுந்தவரைக் கண்டால் எல்லோருக்கும் கை பரபரக்கும். அக்குளில் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். எக்ஸ்பிரசுக்கு உலகத்திலேயே பிடிக்காத காரியம் அதுதான். இடுப்பு முறிந்திருந்தால் தூக்குகிற தூக்கில் இன்னும் விலகும். கழுத்தில் அடி என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். தலையில் அடிபட்டதா என்று கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்று பார்க்க வேண்டும். கண்ணில் டார்ச் அடிக்க வேண்டும், விரலை அழுத்தச் சொல்ல வேண்டும், ஒரு காலைவிட இன்னொரு கால் குட்டையாகத் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தூக்குவது. மாதக் கூட்டத்தில் இதை அவள் சொல்லிச் சொல்லி, அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

தூக்கிய பிறகு படிவம். அதில் பதினாலு கட்டம். ஒன்பதாவது கட்டம் எக்ஸ்பிரஸ் சண்டை போட்டுச் சேர்க்கவைத்தது: 'விழுந்தவர் சொன்னது, அவர் வார்த்தையிலேயே.' அதற்கு முன்னால் எல்லாப் படிவத்திலும் 'நிலைதடுமாறினார்' என்று ஒரே வரிதான் இருக்கும். இப்போது ஒருவர் 'இந்தச் சனியன் பிடிச்ச பாய் வழுக்கிடுச்சு' என்று சொன்னால் சனியனும் சேர்ந்து படிவத்தில் ஏறும்.

ஒரு கூட்டத்தில் ஜட்ஜ் எழுந்து சந்தேகம் கேட்டார். ஜட்ஜ் ஒருநாளும் ஜட்ஜாக இருந்தவரில்லை. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவர். ஜட்ஜுகளுக்கே சட்டம் எடுத்துக் கொடுத்தவன் நான் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பேரைச் சம்பாதித்துக்கொண்டார். யாருமே பார்க்காத இடத்தில் ஒருவர் விழுந்தால் என்ன சாட்சி என்பது அவருடைய சந்தேகம்.

"யாரும் பார்க்கலைன்னா விழுந்தவர் சொல்றதுதான் சாட்சி" என்றாள் எக்ஸ்பிரஸ். "விழுந்தேன்னு சொன்னா விழுந்ததுதான். அதை மாத்த எனக்கும் அதிகாரம் இல்லை, நிர்வாகிக்கும் இல்லை."

ஜட்ஜ் அதைச் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். எக்ஸ்பிரசுக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

பதினோராம் எண் அறையில் அக்காவும் தங்கச்சியும் இருந்தார்கள். எண்பத்துநாலு வயது அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். எழுபத்தொன்பது வயது தங்கச்சி அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணம், குடும்பம் என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் வேறு வேறு ஊரில் இருந்துவிட்டு, இரண்டு பேருடைய கணவர்களும் போன பிறகு மறுபடியும் ஒரே அறைக்கு வந்தவர்கள். இல்லம் முழுவதும் அவர்களை அக்கா, தங்கச்சி என்றே கூப்பிடும். எக்ஸ்பிரஸ் மட்டும் பெரியம்மா, சின்னம்மா என்பாள்.

அந்த அக்காவின் கோப்பில்தான் ஆறு வாரத்துக்குள் இரண்டு புள்ளி. இது எக்ஸ்பிரசைக் குடைந்துகொண்டே இருந்தது. அக்கா நடப்பதைப் பார்த்தால் யாரும் எண்பத்துநாலு என்று சொல்ல மாட்டார்கள். தோட்டத்தைச் சுற்றி மூன்று சுற்று வருகிற மனுஷி எப்படி இரண்டு தடவை விழுவார்? இரண்டு தடவையும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, செருப்பை மாற்றியாயிற்று, குளியலறை வாசலில் ரப்பர் விரிப்புப் போட்டாயிற்று. இரண்டு தடவையும் தங்கச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காமேல் எவ்வளவு கவலை பாரு என்று எக்ஸ்பிரஸ் மனசுக்குள் உருகினாள்.

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பொது அறையிலிருந்து மணி அடித்தது. எக்ஸ்பிரஸ் அப்போது மூன்றாம் மாடியில் ஒருவருக்குக் கால் புண்ணில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். பாதி கட்டியதோடு விட்டுவிட்டு ஓட முடியாது. ஒட்டிவிட்டு ஓடினால், லிப்டுக்குள் சலவைத் துணி வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டு, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று நின்றது. படியில் இறங்கினாள். பொது அறைக் கதவைத் தள்ளும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை நிமிடம். அவளுக்கு அவமானமாக இருந்தது.

உள்ளே நாலு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா, தங்கச்சி, ஜட்ஜ், அப்புறம் டிரைவர். டிரைவர் நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். இரண்டு முழங்காலும் மாற்றப்பட்டு, தரையில் உட்கார்ந்தே ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது இரண்டு காலையும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து வழிய, இளித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் கையிலும் சீட்டு. அந்த வயதில் நாலு பேர் நாலரை நிமிடத்தில் தரைக்கு இறங்குவது ஒன்றும் சின்ன விஷயமில்லை. எழுந்திருப்பதைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

"யார் விழுந்தது?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

யாரும் விழவில்லை, சீட்டு ஆடுகிறோம் என்றார் டிரைவர். மேஜை ஆடுகிறது, அதனால்தான் தரையில், என்றார் ஜட்ஜ். எக்ஸ்பிரஸ் மேஜையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது. மணிக்கயிற்றை யார் இழுத்தது என்று கேட்டதற்குக் காற்று என்று பதில் வந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. காதில் பூ சுற்றுவதற்கு ஓர் அளவு இல்லையா? இந்த நாலு பேரில் ஒருவர் விழுந்திருக்கிறார், மற்ற மூன்று பேர் அவரை மறைக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலும் தங்கச்சிக்கு இதயத்துடிப்புக் கோளாறு, ஜட்ஜுக்குக் காலில் அடைப்பு. இரண்டு பேருமே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்கள் தலையில் அடி பட்டிருந்தால் உள்ளே ரத்தம் கசியும், வெளியே ஒன்றும் தெரியாது, ஆள் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார். பயம் வந்ததும் அவளுடைய கோபம் இரண்டு மடங்காயிற்று.

அப்போதுதான் சோபாவைப் பார்த்தாள். அதில் இருந்த மூன்று மெத்தையையும் காணோம். ஒன்று டிரைவருக்கு அடியில். ஒன்று ஜட்ஜுக்கு அடியில். மூன்றாவது, சோபாவில் சாய்ந்திருந்த தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால். அக்கா மட்டும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டம் போட்டு உட்காருகிறவர்கள் மெத்தையை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். விழுகிறவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அதோடு அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி; மூன்றாவதை மறைக்கத்தானே இவ்வளவு நாடகம். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எக்ஸ்பிரஸ் நினைத்தாள்.

அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டாள். தலையை விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கழுத்தில் வலியில்லை. விரலை அழுத்தச் சொன்னால் எக்ஸ்பிரசுக்கே வலிக்கிற மாதிரி அழுத்தினார். கால் இரண்டும் ஒரே நீளம். ரத்த அழுத்தம் எக்ஸ்பிரசுடையதைவிட நன்றாக இருந்தது. அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை, அவசரப்படவும் இல்லை. நிதானமாகப் பாருங்கள் என்று உபசாரம் வேறு. எட்டு நிமிடம் இப்படிப் போயிற்று.

கடைசியாகச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்று கேட்டாள்.

அக்கா கண்ணைச் சுருக்கினார். பத்தோ எட்டோ என்றார். எக்ஸ்பிரஸ் இரண்டு விரலைக் காட்டினாள். அக்கா யோசித்து மூன்று என்றார். எக்ஸ்பிரஸ் அவசரமாக இன்னும் கிட்ட நகர்ந்தாள்.

"பெரியம்மா, எப்பலேருந்து கண்ணு இப்படி மங்கலா இருக்கு?"

"அஞ்சு வயசுலேருந்து" என்றார் அக்கா.

டிரைவர் சிரித்துவிட்டார். ஜட்ஜ் அவரை முறைத்தார். எக்ஸ்பிரஸ் அக்காவின் முகத்தை அப்போதுதான் முகமாகப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தடம் இருந்தது, கண்ணாடி இல்லை. அக்காவின் கண்ணாடி காபிக்கொட்டை நிறச் சட்டம், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்தது. அந்தக் கண்ணாடி தங்கச்சியின் மூக்கில் இருந்தது.

தங்கச்சியின் கையில் ஐந்து சீட்டு. ஐந்தையும் முகம் வெளியே தெரிய, முதுகுப் பக்கம் தன்னைப் பார்க்க, அழகாக விசிறி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் ஒரே ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற மனுஷி அவர்.

எக்ஸ்பிரஸ் தரையோடு தரையாகக் குனிந்து சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தாள். தூசிக்கு நடுவே தங்கச்சியின் கறுப்பு வட்டக் கண்ணாடி கிடந்தது, ஒரு காது வளைந்து. உட்காருகிறவர் முகத்திலிருந்து கண்ணாடி அவ்வளவு தூரம் பறக்காது.

"சின்னம்மா, தலையில அடி பட்டுச்சா?"

தங்கச்சி அக்கா இருக்கும் பக்கம் திரும்பினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, சொல்லிடு என்றார். இடது காதுக்குப் பின்னால், முடிக்குள், எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

"வலிக்கலை நர்சம்மா. கொஞ்சம் தூக்கமா வருது, அவ்வளவுதான்."

அதற்குமேல் எக்ஸ்பிரஸ் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்சுக்கு நாலே வாக்கியத்தில் சொன்னாள்: வயது எழுபத்தொன்பது, விழுந்ததில் தலையில் அடி, ரத்தம் உறையாத மாத்திரை, தூக்கம் வருகிறது என்கிறார். ஓடி வந்த உதவியாளரிடம் தங்கச்சியின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்கச் சொன்னாள். சாய்ந்திருந்தவரைச் சாய்ந்தபடியே வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் என்றார்கள். அந்த ஒன்பது நிமிடத்தில் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

தங்கச்சி விழுவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை குளியலறை வாசலில்; இரண்டாவது தடவை துணி அலமாரிக்குப் பக்கத்தில். இரண்டு தடவையும் பயத்தில் கயிற்றை இழுத்தது தங்கச்சி. இரண்டு தடவையும் அக்கா அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, தான் போய்த் தரையில் படுத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு நிமிஷத்துல வந்துடுவீங்க. யாராவது ஒருத்தர் கீழே கிடக்கணுமில்ல?" என்றார் அக்கா. "எனக்குக் கால் திடமா இருக்கு, நான் எங்க விழப்போறேன். முதல் ரெண்டு புள்ளியை என் பேர்ல வாங்கிக்கலாம், அடுத்த ரெண்டு அவ பேர்ல. நாலு தடவை வரைக்கும் ஒரே ரூம்ல இருக்கலாம்னு கணக்குப் போட்டோம்."

அப்படியானால் இன்றைக்கு விழுந்ததைத் தங்கச்சி பேரில் சொல்லியிருக்கலாமே, எதற்கு நாலு பேர் நாடகம்? சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தங்கச்சியின் இடுப்பில் போன தடவை பட்ட அடி இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. எக்ஸ்பிரஸ் சோதித்தால் பழசையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடுவாள், மொத்தம் மூன்றாகிவிடும். ஜட்ஜ் அவசரப்பட்டு மணிக்கயிற்றை இழுத்த பிறகுதான் அக்காவுக்கு இது உறைத்தது. இழுத்த கயிற்றை என்ன செய்வது? எல்லோரும் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு தடவை தப்பான ஆளுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கேன்" என்றாள் எக்ஸ்பிரஸ். "அடிபட்டவங்க என் கண் முன்னாடி டீ குடிச்சிட்டிருந்தாங்க. அன்னைக்கே அவங்க தலையில பட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பெரியம்மா? புள்ளியைப் பார்த்தீங்களே தவிர ஆளைப் பார்க்கலை."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை தனக்கும் பொருந்தும் என்று எக்ஸ்பிரசுக்கு உறைத்தது. அவள் மட்டும் என்ன பார்த்தாள்? உள்ளே நுழைந்ததும் யாருக்கு இரண்டு புள்ளி என்றுதானே பார்த்தாள். மாத்திரை சாப்பிடுகிற இரண்டு பேரை விட்டுவிட்டு, எட்டு நிமிடம் கல் மாதிரி இருக்கிற மனுஷியின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்து அவள் அப்புறம் பல நாள் வெட்கப்பட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. தள்ளுகட்டிலில் ஏற்றும்போது, கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுக்கலாமா என்று உதவியாளர் கேட்டார்.

"வேணாம். அவ போட்டுக்கிட்டே போகட்டும்" என்றார் அக்கா. "அங்க யாரு எவருன்னு அவளுக்குத் தெரியணுமில்ல."

அதனால் தங்கச்சி போவதை அக்காவால் பார்க்க முடியவில்லை. கதவு இருக்கும் திசையைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். தள்ளுகட்டில் அதற்குள் அந்தக் கதவைத் தாண்டிவிட்டது, ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மிச்சம் மூன்று பேர் தரையில். காற்று நிரப்பினால் மெல்ல மெல்ல உயர்ந்து ஆளை நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவரும் இருக்கை ஒன்று இல்லத்தில் உண்டு, ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆளைத் தூக்கப் பத்து நிமிடம். அக்காவையும் ஜட்ஜையும் ஏற்றிய பிறகு அதன் மின்கலம் தீர்ந்துபோயிற்று. அதில் மறுபடி மின்சாரம் ஏறும்வரை டிரைவர் தரையிலேயே உட்கார்ந்து, சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார். யாரும் அவருக்காகப் பரிதாபப்படவில்லை. எக்ஸ்பிரஸ் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம், காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனாள்.

மருத்துவமனையில் தங்கச்சியின் தலைக்குள் சின்னதாக ஒரு கசிவு இருந்தது. மாத்திரையை நிறுத்தி, அதன் வேகத்தை முறிக்கும் மருந்து ஏற்றினார்கள். கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஐந்து நாளும் அக்கா தங்கச்சியின் கறுப்புக் கண்ணாடியை ஒரு காதில் பிளாஸ்திரி ஒட்டிப் போட்டுக்கொண்டு, தூணையும் ஆளையும் ஒன்றாகப் பாவித்து வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கிடையில் எக்ஸ்பிரஸ் உட்கார்ந்து பழைய படிவங்களைத் திருத்தினாள். பொய் எழுதிப் பழக்கமில்லாதவள். தெரிந்தும் பொய்யை அப்படியே விட்டுவைக்கவும் வராது. அக்காவின் கோப்பிலிருந்து இரண்டு புள்ளியையும் அடித்து, தங்கச்சியின் கோப்புக்கு மாற்றி, வியாழக்கிழமைப் புள்ளியையும் சேர்த்தாள். மூன்று.

நிர்வாகி கெட்டவரில்லை. விதிகளை நேசிக்கிற மனுஷன், அவ்வளவுதான். தங்கச்சி திரும்பி வந்ததும் நேரே தாழ்கட்டில் பிரிவுக்கு என்றார். எக்ஸ்பிரசால் அதை மறுக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மூன்று புள்ளி விதியை அவரிடம் மன்றாடிக் கொண்டுவந்தவளே அவள்தான். தங்கச்சிக்கு அந்தத் தாழ்ந்த கட்டிலும் மெத்தையும் கூப்பிடு தூரத்தில் ஆளும் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கே தங்கச்சிக்கு ஒதுக்கிய அறையில் இன்னொரு கட்டில் காலியாகத்தானே இருக்கிறது, அக்காவையும் சேர்த்து அனுப்பலாமே என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

நிர்வாகி அக்காவின் கோப்பைத் திறந்து காட்டினார். நீங்களே சுத்தமாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு புள்ளிகூட இல்லை, எந்த விதியில் அனுப்புவது என்றார். உண்மையை எழுதியதற்காக அவள் வாழ்க்கையில் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

செவ்வாய்க்கிழமை தங்கச்சி ஆம்புலன்சில் வந்து, பின்கட்டடத்து வாசலில் இறங்கி, உள்ளே போனார். கண்ணாடிகள் கை மாறின. பார்க்கிற நேரம் தினமும் மாலை ஒரு மணி நேரம். விஷயத்தை எக்ஸ்பிரஸே அக்காவிடம் சொன்னாள். அக்கா சத்தம் போடவில்லை, அழவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாணமாகிப் போன அன்றைக்கும் இப்படித்தான் ராத்திரியெல்லாம் பக்கத்துப் பாயைத் தடவிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை அவள் பொது அறையைத் தாண்டிப் போனபோது, அக்காவும் ஜட்ஜும் சோபாவில் தலையோடு தலை சேர்த்து ஒரு சின்ன நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கதவோரம் காவலுக்கு நின்றார். அவளைக் கண்டதும் நோட்டு சட்டைப்பைக்குள் போய்விட்டது. என்னவோ போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினோராம் எண் அறை மணி அடித்தது. எக்ஸ்பிரஸ் ஒன்றரை நிமிடத்தில் போய் நின்றாள். அறை வாசலில், இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார். மூன்றடி தள்ளி ஜட்ஜ் ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விழுந்தேன்" என்றார் அக்கா. "எழுதிக்குங்க."

எக்ஸ்பிரஸ் அவரைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை எல்லாச் சோதனையையும் ஒன்று விடாமல் செய்தாள். மணி என்ன என்று கேட்டதற்கு, கடிகாரம் மூன்று நிமிடம் பின்னால் ஓடுகிறது என்றார் அக்கா. படிவத்தில் ஆள் இருந்த நிலை என்ற கட்டத்தில் 'தரையில், அமர்ந்தபடி' என்றும், தரையின் தன்மை என்ற கட்டத்தில் 'உலர்ந்தது, இரண்டு மெத்தை' என்றும் எழுதினாள். ஒன்பதாவது கட்டத்தில் 'விழுந்தேன். எழுதிக்குங்க.' சாட்சி கேட்டபோது ஜட்ஜ் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். ஒரு கட்டத்தில்கூடப் பொய் இல்லை.

பத்து ஐம்பதுக்கு மறுபடி மணி. அதே வாசல், அதே மெத்தை. ஜட்ஜ் இப்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது ஒரே வார்த்தை: 'மறுபடியும்.' மறுபடியும் டார்ச், மறுபடியும் விரல், மறுபடியும் பதினாலு கட்டம். மூன்று மாதத்துக்குள் மூன்று என்றுதான் விதி இருக்கிறது, ஒரே நாளில் கூடாது என்று எங்கும் இல்லை என்பதை ஜட்ஜ் யாரிடமோ சொல்வதுபோல் சுவரிடம் சொன்னார்.

மூன்றாவது மணி பதினொன்றே முக்காலுக்கு அடித்தது. எக்ஸ்பிரஸ் ஓடவில்லை. அந்த வேலைக்கு வந்த பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, மணிக்கு நடந்து போனாள். ஒன்பதாவது கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. திறந்திருந்த கதவு வழியாக அறைக்குள் பார்த்தாள். இரண்டு கட்டிலிலும் விரிப்பு மடித்து வைத்திருந்தது. ஒரு பெட்டி பூட்டி, கைப்பிடி வாசலைப் பார்க்க நின்றது. அதன்மேல் தங்கச்சியின் தேநீர்க் கோப்பை, துண்டில் சுற்றி.

மண்டியிட்டு உட்கார்ந்து, அக்காவின் நாடியைப் பிடித்தாள். அது வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை உட்கார்ந்து எழுந்த களைப்பு. எண்பத்துநாலு வயது முதன்முதலாக அவர் முகத்தில் தெரிந்தது. எக்ஸ்பிரஸ் கையை விடாமலே படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி விழுந்தீங்க பெரியம்மா?"

"எப்பவும் போலத்தான்" என்றார் அக்கா. "என் தங்கச்சிக்காக விழுந்தேன்."

எக்ஸ்பிரஸ் அதை ஒன்பதாவது கட்டத்தில், ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.